ஐந்தாவது காரியம்

நகைக்கடன் வாங்குகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. தவணை முடிகிற அன்றைக்கு வருவார்கள். வட்டியை மட்டும் கட்டுவார்கள். அதே சங்கிலியை அதே பையில் போட்டு, புதுப் பாரத்தில் கையெழுத்து வைத்து, மறுபடியும் அடகு வைத்துவிட்டுப் போவார்கள். பத்து வருஷம் ஆனாலும் அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. வீட்டில் கேட்டால் "பேங்க்ல கட்டிட்டு வந்துட்டேன்" என்பார்கள். பொய் இல்லை. கையில் ரசீது இருக்கிறது.

வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருப்பதால் எனக்கு எதைப் பார்த்தாலும் இந்தக் கணக்குப் புத்திதான். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெய்க்காரப்பட்டியில் வெல்லம் மண்டிக்கு வருகிற நாளில் எங்கள் கிளையிலும் கூட்டம் இருக்கும். அப்படி ஒரு நாள், பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். (இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நான் சொல்வது பலகையை.) வேதக்காரர். ஊர்த்தெருக்காரர். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க சார், நீங்களும் நம்ம வேதந்தானுங்களே. ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒரே பாவத்தயே திருப்பித் திருப்பிச் செய்யறது, திருப்பித் திருப்பிச் சாமியார்கிட்டப் போயிச் சொல்றது. முப்பது வருசமா இதேதானுங்க. இதுக்கு என்னதானுங்க வழி?"

அவர் சொன்னது குடியை. அவருடைய கண்ணில் இருந்த வேதனை நிஜம். நான் கிண்டல் செய்யவில்லை, இப்போதும் செய்யவில்லை.

அதே வாரம் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிற தம்பி ஒருவரிடமிருந்து நம் பத்திரிகைக்குக் கடிதம் வந்தது. ஊர் பெயரையும் அவர் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை. அவர் எழுதியதில் கொஞ்சம் மட்டும்:

"அண்ணே, எங்க தாத்தா நாப்பது வருசம் கோயில் மணி அடிச்சவரு. அவரு செத்தப்ப மணி அடிச்சாங்க. சவ வண்டி மட்டும் தரல. அது ஊர்த்தெரு வண்டியாம். தோள்ல தூக்கிட்டு, ஊர்த்தெருவச் சுத்தி வாய்க்கா ஓரமாவே போனோம். சாமியார் குழி மேட்டுல நின்னு, எல்லாரும் ஒரே தகப்பனோட பிள்ளைங்கன்னு பிரசங்கம் வெச்சாரு. இனிமே ஞாயித்துக்கிழம நான் நற்கருணை வாங்கலாமா? இல்ல, கோயிலயே விட்டுட்டு வந்துறவா? நம்ம இயக்கம் என்ன சொல்லுது?"

பெரியவர் கேட்டதும் தம்பி கேட்டதும் ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. விடாமல் செய்கிற பாவத்தை என்ன செய்வது? பெரியவர் அதைத் தன் குடியைப் பார்த்துக் கேட்கிறார். தம்பி அதைத் திருச்சபையைப் பார்த்துக் கேட்கிறார். இந்த இதழின் தலையங்கம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நம் வாசகர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்களும் படிக்க வேண்டும். கடைசியில் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது.

எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஞானோபதேசம் தலைகீழாகத் தெரியும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுப்பாள். செய்த பாவத்தை நினைத்துப் பார்க்கிற ஆத்தும சோதனை ஒன்று. மெய்யான மனஸ்தாபம் இரண்டு. இனிமேல் செய்வதில்லை என்கிற பிரதிக்கினை மூன்று. குருவானவரிடம் வாய்விட்டுச் சொல்வது நான்கு. அவர் விதிக்கிற பரிகாரத்தைச் செய்து தீர்ப்பது ஐந்து. ஒரு விரல் மடங்காமல் நின்றாலும் சங்கீர்த்தனம் செல்லாது என்பாள்.

தனி ஆளுக்குச் சொன்ன இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுத் திருச்சபைக்குப் போட்டுப் பார்ப்போம். பாவம் எது என்று தேட வேண்டியதில்லை. தலையான பாவங்கள் ஏழு என்று பாட்டி சொன்ன பட்டியலில் சாதிக்குப் பெயர் இல்லை. ஆங்காரம் இருக்கிறது. ஆனால் ஆங்காரம் தனி மனிதனுக்கு வருவது, வந்தால் போவது. சாதி ஆண்டுக்கணக்கில் நிற்பது. வண்டியாக, சுவராக, தெருவாக, கல்யாண விளம்பரமாக நிற்பது.

முதல் விரல், ஆத்தும சோதனை. இதில் சபைக்குக் குறை சொல்ல முடியாது. தன் பாவம் அதற்கு நன்றாகத் தெரியும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமண சந்நியாசி கோலத்தில் மேல்சாதிகளிடம் போனார். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்ற வாதம் ரோமாபுரி வரைக்கும் போய், 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதன் பிறகு ஒரே மிஷனில் குருக்களும் இரண்டு ரகமானார்கள். மேல்சாதிக்குச் சந்நியாசிகள், கீழே இருப்பவர்களுக்குப் பண்டாரசாமிகள். போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த தெ தூர்னோன், பறையர் வீட்டுக்குள் போய் சாகக்கிடக்கிறவருக்கு அருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704இல் ஆணை போட்டார். ஆணை போட வேண்டியிருந்தது என்றால் மறுத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம். நாற்பது வருஷம் இழுத்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுவது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பாவம் பழக்கமாகிற விதம் இதுதான். குடிசைக்குள் குனிந்து போக மாட்டேன் என்கிறவனிடம் "நீ போகத்தான் வேண்டும்" என்று சொல்வதற்குப் பதிலாக, "சரி, நீ போக வேண்டாம், வேறே ஆளை அனுப்புகிறோம்" என்று சொன்னார்கள். பலவீனத்துக்கு ஒரு சலுகை. சலுகை வழக்கமாகி, வழக்கம் மரபாகி, மரபு உரிமையாகி, இன்றைக்குச் சவ வண்டியாக வந்து நிற்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடந்தது அல்ல. தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் கூடி, வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக நற்கருணை வாங்குவதுதான் சரி, வேதத்துக்கு ஒத்தது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக வாங்கலாம் என்று முடிவெடுத்தது. சரி எது என்று தெரிந்தே எடுத்த முடிவு. அந்தப் பலவீனத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து அபார்த்தைட் என்று பெயர்.

இரண்டாவது விரல், மனஸ்தாபம். இதற்கும் பஞ்சமில்லை. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்வது சின்ன விஷயம் அல்ல. இந்த நாட்டில் எத்தனை மடங்கள், எத்தனை கட்சிகள் ஒத்துக்கொள்ளும்? ஆகவே நான்காவது விரலும் மடங்கியாயிற்று. வாய்விட்டுச் சொல்லியாயிற்று.

ஆனாலும் மனஸ்தாபத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. நம் மொழியில் 'பாவம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. செய்தவனுடைய குற்றமும் பாவம்தான். பட்டவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவதும் "ஐயோ பாவம்"தான். சபை நம்மைப் பார்க்கிறபோது அதன் வாயில் பெரும்பாலும் வருவது இரண்டாவது பாவம். நமக்காக இரங்கும், நமக்காகப் பள்ளிக்கூடம் கட்டும், தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடும். சேரிக்குள் வந்து பிரசங்கம் செய்யும்போது மட்டும் குடியைப் பற்றிப் பேசும். அங்கே பாவம் நம்முடையதாகிவிடுகிறது. 1970களில் கொரியாவின் மின்ஜுங் இறையியலாளர்கள் இதைத்தான் கேட்டார்கள்: பாவம் செய்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, பாவத்துக்கு ஆளானவர்களுடைய நெஞ்சுக் கொதிப்பைப் பற்றிப் பேச நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

மூன்றாவது விரல், பிரதிக்கினை. இனிமேல் செய்வதில்லை. இங்கே சிலர் நிஜமாகவே முயன்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசம் உடனே, முழுசாக, கடைசியாக ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும் கவியே சாதி வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கினார். பலர் சபையை விட்டே போனார்கள். நம் திண்டுக்கல் சீமை அமெரிக்கன் மதுரை மிஷன் வேலை செய்த சீமை. அவர்கள் 1840களில் ஒரு சோதனை வைத்தார்கள். உபதேசியாக வேண்டுமா, சபையில் இருக்க வேண்டுமா, தாழ்ந்த சாதிக்காரர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடு. அன்பின் விருந்து என்று பெயர். சாப்பிட மறுத்தவர்களைச் சபையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு இதையே பொது விதியாக ஏற்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சேரவில்லை.

கத்தோலிக்கர் பக்கத்தில் வடக்கன்குளம். திருக்குடும்பக் கோயிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவில் சுவர். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி கட்டிய கோயில். 1910இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்துப்போட்டார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கிற உரிமை யாருக்கும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் ஏன் ஒழியவில்லை? அன்பின் விருந்தில் ஒரு நாள் சாப்பிட்டவன் மறுநாளும் தன் சாதியிலேயே பெண் எடுத்தான். சோறு ஒரு வேளை, சம்பந்தம் ஏழு தலைமுறை. வெள்ளைக்கார மிஷனரி சாதியை ஒழிக்கச் சொன்னபோது தன் பங்களாவையும் தன் தனி மேசையையும் ஒழிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாவ சந்தர்ப்பத்தை விலக்காமல் பிரதிக்கினை நிற்காது என்று பாட்டியே சொல்வாள். சாராயக் குப்பியைப் பரணில் வைத்துக்கொண்டு குடியை விட முடியுமா? இரண்டு வண்டியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு சாதியை விட முடியுமா? தனிக் கல்லறை, தனித் தெரு, தனி வரி, தனிச் சப்பரம் எல்லாம் பரணில் இருக்கிற குப்பிகள்தான்.

குப்பி பரணில் இருந்தால் என்ன நடக்கும் என்று 2008 மார்ச்சில் எறையூரில் பார்த்தோம். அப்போதைய விழுப்புரம் மாவட்டம். செபமாலை மாதா கோயில் பங்கு. தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாயமாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். பல தலைமுறை அவமானத்துக்குப் பிறகு வந்த கோரிக்கை. மார்ச் 9ஆம் தேதி சேரி தாக்கப்பட்டது. போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் சாதிக் கிறிஸ்தவர்கள். அந்த வீடுகளின் அழுகையும் அழுகைதான். அதை நாம் கொண்டாட முடியாது. பாவத்தின் சம்பளத்தை ஒரு நாள் செய்தவன் வீட்டிலும் வந்து வசூலிக்கிறது, அவ்வளவுதான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவில் எழுப்பிய சுவரை இடிக்க 2010இல் தோழர்கள் போனார்கள். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் திருவிழாவிலும் கல்லறையிலும் ஒதுக்குகிறார்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் போட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கௌசானல் சாமியார் சுவரை இடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர்கள் சிலர் நம் கையைப் பிடிப்பார்கள். "தோழர், இதையெல்லாம் இப்ப வெளியில பேசணுமா? மதவெறிக் கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு. பாரு, உங்க வேதத்துலயும் சாதி இருக்குன்னு சொல்லி நம்ம சனத்தக் கூட்டிட்டுப் போயிருவான்." இந்தப் பயம் பொய்யானது அல்ல. கோயில் எரிகிற நாட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அவன் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுத்தது யார்? புண்ணைக் காட்டினவனா, புண்ணை வைத்திருக்கிறவனா? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தது. தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அவர்களையும் சேர்க்கச் சொன்னது. அரசு அசையவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆக, தம்பியின் தாத்தாவுக்கு வண்டி தராதவன்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் வழியில்லை. அரசு சொல்கிறது, நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை. சபை சொல்கிறது, நீ கிறிஸ்தவன், ஆனால் வாய்க்கால் ஓரமாகப் போ. ஆயர்கள் டெல்லிக்குப் போய் இந்த ஆணைக்கு எதிராகக் கொடி பிடிக்கிறபோது நாமும் கூடவே பிடிக்கிறோம், பிடிப்போம். அந்த ஊர்வலத்தில் நடக்கிற உரிமை அவர்களுக்கு முழுசாக வர வேண்டுமானால், முதலில் நம் ஊர் ஊர்வலம் ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும்.

பிராட்டஸ்டன்ட் தோழர்கள் சிரிக்க வேண்டாம். பாவசங்கீர்த்தனக் கூடு உங்களிடம் இல்லை, சாட்சிக் கூட்டம் இருக்கிறது. பீடியை விட்டேன், சினிமாவை விட்டேன், நகையைக் கழற்றினேன் என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். சாதியை விட்டேன், என் மகளைச் சேரியில் கொடுத்தேன் என்று ஒருத்தர் எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமக்கள் விளம்பரத்தைப் பாருங்கள். சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர். இரட்சிப்பு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கம்தான் பேரேடு.

ஐந்தாவது விரலுக்கு வருவோம். பரிகாரம். இதுதான் மடங்காமல் நிற்கிறது.

இன்றைக்குப் பரிகாரம் என்றால் மூன்று அருள்நிறை மந்திரம் என்று ஆகிவிட்டது. பழைய போதனை அப்படி இல்லை. மன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவம் செய்த சேதத்தைத் தானாகச் சரிசெய்யாது, திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரை நிமிர்த்திக் கொடு என்பதுதான் சபையின் போதனை. சக்கேயு மரத்திலிருந்து இறங்கி வந்து கண்ணீர் விட்டதாக நற்செய்தியில் இல்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொன்னான். இரட்சிப்பு வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகு. பேதுரு அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து நழுவினான். அவன் முகத்துக்கு நேரே பவுல் எதிர்த்து நின்றான். சபையின் தலைவனே பந்திப் பாவம் செய்தபோது, தனியாகக் கூப்பிட்டு ஆலோசனை சொல்லாமல், எல்லோர் முன்பாகவும் கேட்டான்.

எங்கள் தொழிலில் கடனைத் தள்ளுபடி செய்கிற அதிகாரம் கடன் கொடுத்தவனுக்குத்தான். வாங்கினவன் தன் கணக்கைத் தானே தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. சபை நானூறு வருஷமாகத் தன் கணக்கைத் தானே தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறது. வட்டியாக ஓர் அறிக்கை, புதுப் பாரத்தில் ஒரு கையெழுத்து, மறுபடியும் அதே அடகு. அசல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே பரிகாரம் என்ன என்று சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். சொல்கிறோம்.

பங்குக்கு ஒரே சவ வண்டி. இரண்டு இருந்தால் இரண்டையும் விற்று ஒன்று வாங்கு. ஒரே கல்லறை, குறுக்கே சுவர் இருந்தால் ஆயரே கடப்பாரையோடு வரட்டும். திருவிழா வரி எல்லாத் தெருவிலும் வாங்கு, சப்பரம் எல்லாத் தெருவுக்கும் வரட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத பங்கில் திருவிழா வேண்டாம், கொடியேற்றாமல் விடு. இவை பணம் செலவாகாத காரியங்கள். அடுத்தது செலவாகிற காரியம். ஒவ்வொரு மறைமாவட்டமும், ஒவ்வொரு பேராயமும், தன் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் எத்தனை வேலை இருக்கிறது, அதில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர், கல்லூரியில் இடம் எத்தனை, குருமடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் திரும்பினார்கள் என்று வருஷா வருஷம் அச்சடித்துக் கோயில் கதவில் ஒட்ட வேண்டும். வங்கி லாப நஷ்டக் கணக்கையே வெளியிடுகிறார்கள், ஆத்துமக் கணக்கை வெளியிட என்ன தயக்கம்? சம்பந்தம் அடுத்த காரியம். அதைச் சட்டம் போட்டுச் செய்ய முடியாது. ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்கிற பிள்ளைகளுக்குக் கோயில் கதவைத் திறக்கலாம், ஊர் மிரட்டினால் சாமியார் அவர்கள் பக்கம் நிற்கலாம்.

2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், முதல் தலித் கர்தினால். சந்தோஷம்தான். ஆனால் ரோமில் சிவப்புத் தொப்பி, வாய்க்கால் ஓரத்தில் பிணம் என்றால், அதுவும் வட்டிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படும்.

அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை அண்ணன், ஜேம்ஸ் தியாபிலஸ் அப்பாவு, நற்கருணையை 'ஒரு உலை' என்று சொன்னார். எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதிக்க வேண்டும். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வழிபாட்டில் அடித்தார். அன்பின் விருந்து வைத்த மிஷனரி, உண்கிறாயா இல்லையா என்று பரீட்சை வைத்தான். பறட்டை அண்ணன் உலைக்கு நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார். இரண்டாவதுதான் பரிகாரத்துக்குக் கிட்டே வருகிற கேள்வி.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். இது கசக்கும், ஆனாலும் எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

பழநிப் பக்கத்தில் அருந்ததியர் தெரு நம் தெருவுக்கும் அப்பால் இருக்கிறது. நம் தெருவில் அவர்களை எங்கே உட்கார வைக்கிறோம்? நம் கோயில் சப்பரம் அந்தத் தெருவுக்குப் போகிறதா? 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செய்யலாம் என்று தீர்ப்பளித்தபோதும் நம் கூட்டங்களில் சிலர் பேசிய பேச்சை நான் கேட்டேன். 'ஒற்றுமை கெடும்' என்றார்கள். எறையூரில் சாதிக் கிறிஸ்தவனும் அதையேதான் சொன்னான். உள் ஒதுக்கீட்டைப் பற்றி நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவையில்லை. இயக்கக் கூட்டம் முடிந்து நடுச்சாமத்தில் வீட்டுக்கு வந்து சோறு ஆறிவிட்டது என்று பெண்சாதியை அடிக்கிற தோழரையும் எனக்குத் தெரியும். அவரும் மறுநாள் வருந்துகிறார், மறுவாரம் அடிக்கிறார். வட்டி கட்டுகிறார்.

நல்லது செய்ய நினைக்கிறேன், செய்ய முடியவில்லை, வேண்டாம் என்று நினைப்பதையே செய்கிறேன் என்று பவுலே புலம்பியிருக்கிறான். அந்தப் புலம்பலை நான் மதிக்கிறேன். மனுசன் ஒரே நாளில் மாறுவதில்லை. ஆனால் மாறவில்லை என்பதற்கும், மாற முயல்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளுவதற்கும் வித்தியாசம் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுதான். போன வருஷத்தைவிட இந்த வருஷம் அசல் எவ்வளவு குறைந்திருக்கிறது?

தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோயிலை விடு என்றோ, விடாதே என்றோ இயக்கம் சொல்லாது தம்பி. அம்பேத்கர் 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று சொன்னவர், 1956இல்தான் நாக்பூரில் தீட்சை வாங்கினார். இருபத்தியொரு வருஷம் யோசித்தார். நீயும் யோசி. நற்கருணை வாங்கலாமா என்று கேட்கிறாய். உன் தாத்தாவுக்கு வண்டி தராதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை பார்த்தாயா? காணிக்கையைப் பீடத்தில் வைக்க வருகிறபோது உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது கடன்பட்டவனுக்கு. உனக்கு அல்ல. 1982இல் ஒட்டாவாவில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டத்தில் கறுப்புப் பிரதிநிதிகள், வெள்ளைச் சபையார் எங்களோடு ஊரில் பந்தி இருக்காதபோது இங்கே மட்டும் எப்படி ஒரே பந்தி என்று நற்கருணை வாங்க மறுத்தார்கள். அந்தக் கூட்டமே அபார்த்தைட்டைப் பாவம் என்றும் அதற்கு இறையியல் நியாயம் சொல்வது வேதப்புரட்டு என்றும் அறிவித்து, இரண்டு வெள்ளைச் சபைகளை நிறுத்திவைத்தது. மறுப்பும் ஒரு ஜெபம்தான் என்று அன்றைக்கு உலகம் கண்டது.

ஆகவே நீ வாங்கினாலும் சரி, மறுத்தாலும் சரி. ஒன்றை மட்டும் செய்யாதே. அவர்கள் நீட்டுகிற புதுப் பாரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடாதே. அடுத்த சாவுக்கு முன்னால் ஊரில் நம் பிள்ளைகளைக் கூட்டு. சாமியாரைப் பார், ஆயரைப் பார், எழுத்தில் கொடு, தேதி கேள். தேதி தப்பினால் தெருவுக்கு வா. நாங்கள் வருகிறோம். பழநியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆள் வரும்.

பெரியவருக்கு அன்றைக்கு என்ன சொன்னேன் என்று தோழர்கள் கேட்கலாம். பாட்டி சொன்ன ஐந்து காரியத்தைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. கூடவே விரல் மடக்கினார். ஐந்தாவதில், "அது சாமியார் சொல்ற மூணு மந்திரந்தானுங்களே" என்றார். இல்லைங்க, குடியில நீங்க அழிச்சது யாரோட காசு, யாரோட தூக்கம், அத அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறது என்றேன். சம்சாரத்தின் பெயரைச் சொன்னார். மகனுடைய பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அப்புறம் நான் கேட்டேன்: "உங்க ஊர்ல சவ வண்டி ஒண்ணா, ரெண்டாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை வருவார். கணக்கு இங்கேதான் இருக்கிறது. மறுபடியும் கேட்பேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்
நெய்க்காரப்பட்டி